ஊழியரின் சோர்வும் சரீரத்தின் அழற்சியும்

(மசினகுடியில் நடைபெற்ற ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



 உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தவர்கள் இருக்கிறீர்கள். கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றி வந்தவர்களும் இருக்கிறீர்கள். எந்த வழியாக வந்தாலும் சுகமாய்க் கொண்டுவந்து சேர்த்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.

வழக்கமாக இந்தக் கூடுகையில், எத்தனை நோயாளிகளைப் பார்த்தோம், எத்தனை பிரசவம் ஆயிற்று, உங்கள் காணிக்கையில் என்னென்ன வாங்கினோம் என்ற கணக்கை வாசிப்போம். இந்த வருஷம் அதை அச்சிட்டு உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம். இன்றைக்கு, அந்த வேலைகளைச் செய்கிறவர்களைப்பற்றி ஒரு காரியம் பேச விரும்புகிறோம். இதைப் பேச எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

இந்த மசினகுடிக் கிளினிக்கில் பல வருஷமாக ஊழியம் செய்யும் ஒரு நர்ஸ் இருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைச் சொல்லவில்லை. முன்பு இரவு டியூட்டியை இருவர் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் திருமணமாகிப் போனார். அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தபோது சம்பளத்துக்குப் பணம் இல்லை. ஆகவே பகல் வேலையோடு இரவு அழைப்புகளும் இவர் ஒருவர் மேலேயே விழுந்தன. இரவில் இங்கே என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். பாம்புக்கடி வரும். மாவனல்லாவிலிருந்தோ வாழைத்தோட்டத்திலிருந்தோ ஜீப்பில் பிரசவ வலியோடு ஒரு பெண் வருவார். யானை துரத்தி விழுந்தவர் வருவார். வாட்ச்மேன் டார்ச் லைட் அடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டுவார்; இவர் எழுந்து வருவார். ஒன்றும் வராத இரவுகளும் உண்டு. ஆனால் அந்த இரவுகளிலும் தூக்கம் வருவதில்லை, எப்போது தட்டுவார்கள் என்று காது வாசலிலேயே இருக்கும் என்று பின்னால் எங்களிடம் சொன்னார்.

ஒரு நாள் பொக்காபுரம் பக்கத்திலிருந்து வந்த வயதான இருளர் அம்மா ஒருவர்மேல் அவர் எரிந்து விழுந்தார். மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதுதான் காரணம். அந்த அம்மா அழுதுகொண்டே போய்விட்டார்கள். அன்று மாலை நர்ஸ் எங்களிடம் வந்து, “ஐயா, அந்தப் பாட்டி அழுதாங்க. எனக்கு ஒண்ணுமே தோணலை. முன்னெல்லாம் நானும் சேர்ந்து அழுதிடுவேன். இப்ப ஒண்ணுமே தோணலை, அதுதான் பயமா இருக்கு” என்றார்.

நாங்கள் என்ன செய்தோம்? ஜெபக் குழுவாக அவர் வீட்டுக்குப் போனோம். பாட்டுப் பாடினோம். சிலுவை சுமப்பதைப்பற்றிப் பேசினோம். ஆதி அன்பு குறைந்துபோயிற்றோ என்று ஆராய்ந்து பார்க்கும்படி புத்தி சொன்னோம். வெள்ளிக்கிழமை காலைதோறும் எங்களோடு உபவாச ஜெபத்துக்கு வரும்படியும் ஏற்பாடு செய்தோம். இரவெல்லாம் விழித்திருந்தவரை விடிந்ததும் வெறும் வயிற்றோடு முழங்காற்படியிட வைத்தோம் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எங்கள் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

பிறகு ஒரு நாள் கருவிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் அவருடைய மணிக்கட்டு சுட்டுவிட்டது. ஒரு ரூபாய்க் காசு அளவுப் புண். பத்துப் பதினைந்து நாளில் ஆறவேண்டியது ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை. டாக்டர் சர்க்கரை பார்த்தார், இல்லை. சி.ஆர்.பி. பார்த்தார், கூடுதலாக இருந்தது. கோவிட் காலத்தில் அந்தச் சோதனையின் பெயரைக் கேட்காத வீடு குறைவு. சரீரத்தில் அழற்சி இருந்தால் கல்லீரல் இரத்தத்தில் அதிகமாக விடுகிற ஒரு புரதம் அது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, தேடிப் பார்த்ததில் வேறு நோய்த்தொற்றும் தென்படவில்லை. அப்போது டாக்டர் எங்களைப் பார்த்து, “ஐயா, இவங்க கடைசியா எப்போ தொடர்ந்து ஏழு மணி நேரம் தூங்கினாங்கன்னு கேட்டீங்களா?” என்றார். வேதம் வாசிக்கிறாரா என்று கேட்டிருந்தோம். தூங்கினாரா என்று கேட்கவில்லை. இறையியல் கல்லூரியில் எபிரெயு படித்தோம், கிரேக்கு படித்தோம். களைத்துப்போன ஒருவரிடம் முதலில் என்ன கேட்பது என்று ஒரு பாடத்திலும் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை.

டாக்டர் அன்றும் அதற்குப் பின்பும் எங்களுக்கு விளக்கியதையும், அதன் பின்பு நாங்கள் தேடி வாசித்ததையும் எங்களுக்குப் புரிந்த அளவில் சொல்லுகிறோம். பிழை இருந்தால் அது எங்களுடையது.

அழற்சி என்பது தன்னிலே தீமையல்ல. முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கும். இந்த நான்கு அடையாளங்களையும் கிறிஸ்து பிறந்த அந்த நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமர் எழுதி வைத்திருக்கிறார். கிருமியை அழிக்கவும் புண்ணை ஆற்றவும் தேவன் சரீரத்தில் வைத்த காவல் அது. காவல் வேலை முடிந்ததும் அது அடங்கவேண்டும். அடங்காமல் சரீரம் முழுவதும் மெல்லியதாகக் கனன்றுகொண்டே இருந்தால் இரத்தக் குழாய்களும் இருதயமும் காலப்போக்கில் கெடுகின்றன. சர்க்கரை நோய்க்கும் அது வழிசெய்கிறது.

இந்த ஊரில் இதை விளங்கவைப்பது எளிது. 2021-ஆம் வருஷம் எம்.டி.டி. 23 என்ற புலியைத் தேடிய நாட்களை மறந்திருக்கமாட்டீர்கள். மாடு மேய்க்கப் போனவர்களையும் அது கொன்றது. வனத்துறையாரும் கும்கி யானைகளும் 21 நாள் தேடி, அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த மூன்று வாரமும் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. புலி ஏறிய லாரி போனபிறகுதான் ஜனங்கள் மூச்சு விட்டார்கள். நம் சரீரமும் அப்படியே. ஆபத்து வரும்போது, சிறுநீரகங்களின்மேல் தொப்பி வைத்ததுபோல இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசாலை விடுகின்றன. இருதயம் வேகமாகிறது, பலம் வருகிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் தணிகிறது. புலி பிடிபடவே இல்லையென்றால்? ஒவ்வொரு இரவும் கதவு தட்டப்படுமென்று வருஷக்கணக்காக ஒருவர் காத்திருந்தால்?

இங்கே ஒரு விடுகதை உண்டு. கார்ட்டிசால் அழற்சியை அடக்குகிற மருந்து. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச் 1948-இல், முடக்குவாதத்தால் நடக்கமுடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு அதன் நெருங்கிய உறவான கார்ட்டிசோனை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் நடந்தார். அதற்கான நோபல் பரிசு 1950-இல் ஹென்சுக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது. அப்படியானால் ஓயாத நெருக்கடியில் கார்ட்டிசால் சுரந்துகொண்டே இருக்கிறவருக்கு அழற்சி குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது?

ஷெல்டன் கோஹன் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2012-இல் இதற்கு ஒரு பதில் கொடுத்தார்கள். ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமியை விட்டு, தனியே தங்கவைத்துக் கவனித்தார்கள். நீண்ட நெருக்கடியில் இருந்தவர்களின் செல்கள் கார்ட்டிசாலின் சொல்லைக் கேட்பதில் மந்தமாகியிருந்தன. அப்படி மந்தமானவர்களுக்கே ஜலதோஷமும் அதிகமாகப் பிடித்தது. கல்யாண வீட்டு ஸ்பீக்கர் நாள் முழுவதும் அலறினால் பக்கத்து வீட்டாருக்கு அது காதில் விழாமலே போகிறதல்லவா, அதுபோல. கட்டளை இருக்கிறது, கேட்பார் இல்லை. ஆகவே அழற்சி அடங்குவதில்லை.

ஆறாத புண்ணைப்பற்றியும் ஒரு ஆராய்ச்சி உண்டு. அதை வாசித்த அன்று நாங்கள் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். ஒஹாயோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற அம்மையார் 1995-இல் வெளியிட்டது. ஞாபகமறதி நோயால் எல்லாவற்றையும் மறந்துபோன உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களையும், அப்படிப்பட்ட பாரம் இல்லாத, அதே வயதும் வருமானமும் உள்ள 13 பெண்களையும் எடுத்துக்கொண்டார். எல்லாருடைய கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு புண்ணை உண்டாக்கி ஆறும் நாட்களை எண்ணினார். பாரமில்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாள் ஆயிற்று. பராமரிக்கிறவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள். புண்ணை ஆற்றுவதற்குத் தேவையான அழற்சி அவர்களிடத்தில் பலவீனமாயிருந்தது என்பதற்கும் அடையாளம் கண்டார். அதாவது, களைத்துப்போனவருடைய சரீரத்தில் காவலாளி வேண்டிய இடத்தில் தூங்குகிறான், வேண்டாத இடத்தில் தடியைச் சுழற்றுகிறான். அதே குழுவினர் ஆறு வருஷம் தொடர்ந்து கவனித்து 2003-இல் இன்னொன்றும் சொன்னார்கள். துணைவரைப் பராமரித்தவர்களின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள் மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக ஏறிற்று. நோயாளி இறந்து சில வருஷம் ஆனபின்பும் அந்த வேகம் தணியவில்லை. நம் சபைகளில் படுக்கையோடு இருக்கும் மாமியாரையோ கணவரையோ பார்த்துக்கொள்ளும் சகோதரிகள் எத்தனை பேர்! அவர்கள் ஆராதனைக்கு வருவதில்லை என்று குறை சொல்லியிருக்கிறோம்.

அவர்கள் வீட்டில் உழைத்தவர்கள். வேலைத்தலத்தில் வரும் இந்தச் சோர்வுக்கு ‘பர்ன்-அவுட்’, அதாவது எரிந்து தீர்ந்துபோதல், என்று பேர் வழங்கிய வரலாறும் நமக்குச் சம்பந்தமில்லாதது அல்ல. நியூயார்க்கில் ஏழைகளுக்கான ஓர் இலவச கிளினிக்கில், பகலில் தன் தொழிலையும் இரவில் தொண்டையும் செய்துவந்த ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற மனநல அறிஞர் 1974-இல் அதை எழுதினார். அவர் கண்டது சோம்பேறிகளை அல்ல. முழு மனதோடு தொண்டு செய்ய வந்தவர்களே முதலில் தீய்ந்துபோனார்கள், அவரும் அவர்களில் ஒருவர். பின்பு 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அம்மையார் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து இதை அளப்பதற்கு ஒரு கேள்வித்தாள் உண்டாக்கினார். அதில் மூன்று அடையாளங்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போவது, தன்னிடம் வரும் மனிதர்மேல் ஈரம் காய்ந்துபோவது, செய்த எதுவும் பிரயோஜனமில்லை என்று தோன்றுவது. ‘ஒண்ணுமே தோணலை’ என்று நம் நர்ஸ் சொன்னாரே, அது அன்பு தணிந்துபோனதன் அடையாளம் என்று நாங்கள் நினைத்தோம். இந்தப் பட்டியலில் அது இரண்டாவது இடத்தில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைத் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் சேர்த்தது. அதிலும் இதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை நெருக்கடியால் வரும் நிலை என்றே சொல்லியிருக்கிறது. இதைக் கவனியுங்கள். ஆளைமட்டும் பார்க்காதே, வேலையையும் பார் என்பது அதன் பொருள்.

இஸ்ரவேல் தேசத்தில் ஷரோன் டோக்கர் முதலானவர்கள், உடலில் நோய் தெரியாத 1,500-க்கும் மேற்பட்ட ஆண் பெண்களைச் சோதித்து 2005-இல் எழுதினார்கள். பெண்களிடத்தில் இந்தப் பணிச்சோர்வு கூடக்கூட சி.ஆர்.பி.யும் கூடியிருந்தது. ஆண்களிடத்தில் பணிச்சோர்வோடு அல்ல, மனத்தளர்ச்சி நோயோடு அது சேர்ந்து வந்தது. எல்லா ஆராய்ச்சிகளும் ஒரே விடையைத் தரவில்லை. தூக்கமின்மை, நேரம் தவறிய சாப்பாடு, உடல் எடை எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. நாங்கள் உற்சாகத்தில், “அப்படியானால் இவர் புண்ணுக்குக் காரணம் இதுதான்” என்று சொன்னபோது டாக்டர் எங்களைத் திருத்தினார். “ஒருத்தரை வச்சு அப்படிச் சொல்லக்கூடாது ஐயா. இருக்கலாம்னு சொல்லலாம். ஆனா அவங்க தூங்கணும்ங்கறதுக்கு எனக்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை” என்றார்.

அதன்பின் எலியா தீர்க்கதரிசியின் சரித்திரத்தைத் திரும்ப வாசித்தோம். எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதிதான். கர்மேல் பர்வதத்தில் அவ்வளவு பெரிய ஜெயத்தைக் கண்டவர், யேசபேலின் ஒரு பயமுறுத்தலுக்கு ஓடினார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, தனியே வனாந்தரத்தில் போய், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டுமென்று கேட்டார். தூதன் வந்து என்ன பிரசங்கம் செய்தான்? ஒன்றும் இல்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். அவர் சாப்பிட்டுத் தூங்கினார். திரும்ப எழுப்பி, திரும்பச் சாப்பாடு கொடுத்தான். பேச்சு எல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேபிலேதான். அங்கேயும், நான் ஒருவன் மாத்திரம் மீந்திருக்கிறேன் என்ற அர்த்தத்தில் அவர் முறையிட்டபோது, தேவன் அவருடைய விசுவாசத்தைச் சோதிக்கவில்லை. எலிசாவை அபிஷேகம்பண்ணும்படி சொல்லி அனுப்பினார். ஒரு ஆளைக் கொடுத்தார். இத்தனை வருஷம் அந்த மெல்லிய சத்தத்தைப்பற்றியே பிரசங்கித்துவிட்டு, எலிசாவை நாங்கள் அடுத்த அதிகாரத்துக்கு ஒத்திப்போட்டிருக்கிறோம்.

நம் முன்னோர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அமெரிக்க மதுரை மிஷனார் சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் தங்கள் ஊழியர்களையும் பிள்ளைகளையும் அடக்கம்பண்ணி அடக்கம்பண்ணிச் சலித்து, 1845-இல் கொடைக்கானலில் இளைப்பாற வீடுகள் கட்டினார்கள். அதுமுதல் மலையில் ஓய்வெடுப்பது மிஷனரிமாருக்கு ஒரு வழக்கமாயிற்று. அதை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களோடு அதே வெயிலில் நடந்த நம் உபதேசியார்களுக்கும் வேதாகம ஸ்திரீகளுக்கும் கம்பவுண்டர்களுக்கும் அப்படி ஒரு வீடு கட்டியதாக நாங்கள் எங்கும் வாசித்ததில்லை. ஊழியருக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னால் இன்றைக்கும் நமக்கு அவர்கள் ஞாபகம் வருவதில்லை.

நர்ஸை நாசரேத்தில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்கு இரண்டு மாதம் சம்பளத்தோடு அனுப்பினோம். முதல் பத்து நாள் தூங்கிக்கொண்டே இருந்ததாக அக்கா போனில் சொன்னார். புண் ஆறிவிட்டது. திரும்பி வந்ததும் டாக்டர் மறுபடியும் இரத்தம் பார்த்தார். சி.ஆர்.பி. குறைந்திருக்கிறது, முற்றிலும் சரியாகவில்லை. இரவு டியூட்டி இப்போது அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான், அதற்கு மறுநாள் பகல் வேலை கிடையாது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் சாயங்காலத்துக்கு மாற்றப்பட்டது. டியூட்டி பார்த்தவர்கள் வரவேண்டிய கட்டாயம் இல்லை. அந்த இருளர் அம்மாவின் வீட்டுக்கு அவர் தாமே போய் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா இவருக்குத் தேன் கொடுத்து அனுப்பினார்களாம்.

ஒன்றைத் துணிந்து சொல்லிவிடுகிறோம், தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம். இந்தச் சோதனையைச் செய்த இரத்தப் பரிசோதனைக் கருவி உங்கள் காணிக்கையால் வந்தது. அதன்மேல் கொடுத்தவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடும் இருக்கிறது. கட்டிலுக்கும் கட்டிடத்துக்கும் வண்டிக்கும் கேட்ட உடனே கொடுக்கிறீர்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆனால் ஒரு நர்ஸின் மாதச் சம்பளத்தில் தகடு ஒட்ட இடமில்லை. படம் எடுத்து இந்தப் பத்திரிகையில் போடவும் முடியாது. எங்கள் நிர்வாகமும் அதே தவறைத்தான் செய்தது. முதலில் கருவி வாங்குவோம், ஆளைப் பிறகு பார்ப்போம் என்று வருஷாவருஷம் தள்ளிப்போட்டோம்.

இரவு டியூட்டிக்கு இரண்டாவது நர்ஸ் ஒருவர் ஜூன் மாதம் சேர்ந்திருக்கிறார். கூடலூர்ப் பக்கத்துப் பெண், இங்கத்திய ஜனங்களின் பேச்சும் தெரிந்தவர். ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஆறு மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டார்கள். டிசம்பருக்குப் பிறகு யார் கொடுப்பது என்று இன்னும் ஏற்பாடு ஆகவில்லை. விருப்பமுள்ளவர்கள் வாசலில் இருக்கும் மேஜையில் பெயர் கொடுக்கலாம். மாதம் நூறு ரூபாயானாலும் சரி.

சாப்பாட்டுக்குப் பிறகு கிளினிக்கைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். பின்பக்கம் ஓரத்தில் கதவு சாத்திய அறையில் இரவு டியூட்டி முடித்தவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போது சத்தமில்லாமல் போகும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.